வெப் டிசைன் பழக ஆரம்பிக்கிறேன், கையைக் கடிக்காத சாஃப்ட்வேர் எது?

தறிநாடா

வணக்கம் நண்பர்களே. அத்தை ஒருவர் ஆரி எம்ப்ராய்டரியும் பிளவுஸ் தையலும் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு முகப்பு, வகுப்புகள், கட்டணம், படங்கள், தொடர்பு என்று ஐந்து பக்கத்தில் ஒரு வெப்சைட் செய்து தர வேண்டும். முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். பிறகு தெரிந்த கடைக்காரர்களுக்கும் செய்து கொடுக்கலாம் என்று எண்ணம் இருப்பதால் கற்றுக்கொள்ளவும் தயார்.

லேப்டாப்பில் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ட்ரீம்வீவர், விக்ஸ், கேன்வா, வேர்ட்பிரஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிராக் செய்த ட்ரீம்வீவர் தருகிறேன் என்றும் ஒருவர் சொல்கிறார். எதில் பணம் போடலாம், எதில் போடக்கூடாது?

வெற்றுப்பக்கம்

சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். ஐந்து பக்க வெப்சைட்டுக்குக் கட்டாயமாகக் காசு கேட்பது டொமைன் பெயர், அதாவது சைட்டின் முகவரி, ஒன்றுதான். டாட் இன், டாட் காம் எதுவானாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதலாண்டு 99 ரூபாய் என்று விளம்பரம் வந்தால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

ட்ரீம்வீவர் ஒரு காலத்தில் நல்ல கருவிதான். 1997ல் மேக்ரோமீடியா வெளியிட்டது, 2005ல் அடோபி கைக்கு வந்தது. 2012ல் வந்த சிஎஸ்6 பதிப்போடு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் வழி முடிந்துபோனது. இப்போது சந்தா மட்டும்தான், புதுப் பழகுநருக்கு அந்தச் சந்தா வீண். கிராக் பதிப்பைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே மால்வேர் இருந்தால், சர்வருக்கு ஃபைல் ஏற்றுவதற்காக அதிலேயே சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள்தான் முதலில் போகும். நாளைக்குக் கடைக்காரர்களுக்குச் செய்து கொடுக்கும்போது போவது உங்கள் பாஸ்வேர்டு மட்டுமாக இருக்காது.

விக்ஸில் இழுத்து வைத்து வேலை செய்வது சுலபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரப் பட்டை வரும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. ஒரு டெம்ப்ளேட்டில் தொடங்கிய சைட்டுக்கு வேறு டெம்ப்ளேட் மாற்றவும் முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே செய்த சைட்டை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. காசு கட்டுவதை நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்துதான். சொந்த ஃபைலாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அடோபி மியூஸ் என்ற கருவியைக் கைவிடுவதாக 2018ல் அறிவித்தார்கள், 2020ல் ஆதரவும் நின்றது. ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. ஆட்டமில் எழுதியவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, பக்கத்தின் கோடு இருக்கும் எச்டிஎம்எல் ஃபைலை வேறு எடிட்டரில் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். மியூஸில் செய்தவர்களின் மூலஃபைல் மியூஸில்தான் திறக்கும்.

ஆகவே விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான், பத்து எக்ஸ்டென்ஷன் போட்டு அடைக்காமல் இருந்தால் 4 ஜிபி ரேமில் ஓடும். அதுவும் திணறினால் நோட்பேட் பிளஸ் பிளஸ். ஒரு ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல் ஃபைல் ஒன்றை உருவாக்கி, ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி டேப் கீயை அழுத்துங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தானாக வந்துவிடும். அதில் மூன்று இடங்களை மட்டும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிகளில் மொழி 'ஈஎன்' என்று இருக்கும், அதை 'டிஏ' என்று மாற்றுங்கள். பிரவுசருக்கும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழ்ப் பக்கம் என்று அப்போதுதான் தெரியும். அடுத்து சார்செட் யுடிஎஃப்-8 என்ற வரி. அது விடுபட்டால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகத் தலையில் குறி போட்ட ஆங்கில எழுத்துகள் குவியலாக வர வாய்ப்புண்டு. மூன்றாவது வியூபோர்ட் வரி. அது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ள கம்ப்யூட்டர் திரையாக நினைத்துச் சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு அளவில் தெரியும். மொபைலில் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டால் கீழே வலது மூலையில் 'கோ லைவ்' என்று வரும். அதை அழுத்தினால் 127.0.0.1:5500 என்ற முகவரியில் பக்கம் திறக்கும். சேமிக்கச் சேமிக்கத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். குரோமில் எஃப்12 அழுத்திவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மொபைல் திரையில் எப்படித் தெரியும் என்று காட்டும். 360 பிக்சல் அகலத்தில் சரியாக வந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு மொபைல்களில் சரியாக வரும்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ் மாடல், ஃப்ளெக்ஸ்பாக்ஸ், மீடியா குவரி இந்த மூன்றும் பிடிபட்டால் இந்த ஐந்து பக்கத்துக்குப் போதும். கிரிட் பிறகு பார்க்கலாம். டேபிள் போட்டு, ஃப்ளோட் போட்டு லேஅவுட் கட்டும் பழைய பாடங்கள் யூடியூபில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

மோர்க்குழம்பு

வெற்றுப்பக்கம் சொன்னதில் கற்றுக்கொள்ளும் பகுதி சரி. ஆனால் நாளைக்கு அந்த சைட்டில் யார் மாற்றம் செய்யப்போகிறார்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே. எந்தக் கருவி என்பதை அதுதான் முடிவு செய்யும். மாதாமாதம் புதுப் படம், புதுப் பதிவு போட வேண்டும், போடுவது அத்தை என்றால் எச்டிஎம்எல் ஃபைலை அவர் கையில் கொடுக்க முடியாது. அதற்கு, கோடு தெரியாமலேயே பதிவு போட முடிகிற வேர்ட்பிரஸ்தான்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். டாட் ஆர்க் என்பது இலவசமாக இறக்கி நாமே ஹோஸ்டிங் (சைட்டை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) எடுத்து நிறுவும் மென்பொருள். டாட் காம் என்பது அதே மென்பொருளை அவர்கள் சர்வரில் வைத்து நடத்தும் சேவை, அதன் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும். நீங்கள் பழக வேண்டியது முதலாவது. பழகுவதற்கு ஹோஸ்டிங் வாங்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிரவுசருக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸும் ஓடும். லேப்டாப்பில் நிறுவிப் பழக வேண்டுமானால் லோக்கல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் 4 ஜிபி ரேமுக்குக் கொஞ்சம் கனம்தான், குரோமில் இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஹோஸ்டிங் செலவில்தான் ஏமாறுவார்கள். மாதம் 69 ரூபாய், 79 ரூபாய் என்பது பெரும்பாலும் நான்கு ஆண்டுக் காசை மொத்தமாகக் கட்டினால் வரும் கணக்கு. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது சாதாரணம். வாங்கும் முன் புதுப்பிப்பு விலை, தினசரி பேக்கப் உண்டா, எஸ்எஸ்எல் (சைட்டைப் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்) இலவசமா என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வந்த பிறகு எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்பவரிடம் போக வேண்டிய தேவையே இல்லை. ஆட்டோ ரினியூவலை நம்பியும் இருக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அதற்குக் குறைந்த தொகைக்கும் முதலில் இ-மேண்டேட் (தானாகக் காசு எடுக்க நாம் தரும் அனுமதி) பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் பல இதைச் சரியாக ஆதரிப்பதில்லை, கட்டணம் நிராகரிக்கப்பட்டு டொமைன் கைவிட்டுப் போகும். காலண்டரில் குறித்து வைத்து ஒரு மாதம் முன்பே கையால் கட்டிவிடுங்கள்.

தமிழில் வேர்ட்பிரஸ் நடத்துபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவுக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமைந்துவிடும். உள்ளே அது சதவீதக் குறிகளாக மாறித்தான் சேமிக்கப்படும். ஒரு உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி எழுத்துக் குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒன்பது இடத்தைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் அந்த முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆக 22 குறியீட்டோடு முகவரி நடுவில் வெட்டுப்படும். அந்தச் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகள் ஓடும், சில ஆப்களில் பாதியிலேயே உடைந்து திறக்காது. பதிவை வெளியிடும் முன் பெர்மாலிங்க் என்ற முகவரி இடத்தில் மூன்று நான்கு சொல்லில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த சுட்டிகளுக்குத் தொல்லை.

சைட்டின் தோற்றத்துக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஆஸ்ட்ரா, கேடென்ஸ், ஜெனரேட்பிரஸ் எல்லாவற்றிலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. 'நல்டு தீம்' என்று டெலிகிராமில் தருவதெல்லாம் கிராக் ட்ரீம்வீவர் வகைதான், உள்ளே பின்கதவு வைத்து அனுப்புவார்கள்.

தறிநாடா

இருவருக்கும் நன்றி. மாற்றம் என்று பார்த்தால் மாதத்துக்கு ஒருமுறை புது பேட்ச் தேதி, நேரம், கட்டணம் மட்டும்தான் மாறும். அதை அத்தையே மொபைலில் மாற்ற முடிந்தால் போதும். மற்றபடி பக்கங்கள் அப்படியே இருக்கும். இதற்கு வேர்ட்பிரஸ் வேண்டுமா? இன்னொன்று, பாடக்குறிப்புகள் எல்லாம் பழைய வேர்ட் ஃபைலில் பாமினி எழுத்தில் இருக்கின்றன. காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

வெற்றுப்பக்கம்

ஒரு அட்டவணை மட்டும் மாறுவதற்கு வேர்ட்பிரஸ் வேண்டாம். வேர்ட்பிரஸ் வைத்தால் மென்பொருள், தீம், பிளகின் எல்லாவற்றுக்கும் அப்டேட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் ஹேக் ஆகும். இந்த ஐந்து பக்கத்துக்கு அது பெரிய பாரம்.

கூகுள் ஷீட்டில் பேட்ச், தொடங்கும் தேதி, நேரம், கட்டணம் என்று நான்கே பத்தி போடுங்கள். ஃபைல் மெனுவில் 'ஷேர்' என்பதற்குள் 'பப்ளிஷ் டு வெப்' இருக்கும். அதில் எம்பெட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஷீட்டை நம் பக்கத்துக்குள் காட்டும் ஐஃபிரேம் வரி ஒன்று தரும், அதைக் கோடில் ஒட்டுங்கள். மொத்த ஃபைலையும் வெளியிடாமல் அந்த ஒரு ஷீட்டை மட்டும் தேர்வு செய்யுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஷீட்டில் மாணவிகளின் போன் நம்பர் இருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஐஃபிரேம் அகலத்தை 100 சதவீதம் என்று வையுங்கள். அத்தை மொபைலில் ஷீட்ஸ் ஆப்பில் மாற்றினால் சில நிமிடங்களில் சைட்டிலும் மாறிவிடும். உடனே மாறவில்லை என்று பதற வேண்டாம். பத்திகள் நான்கைத் தாண்டினால் மொபைலில் பக்கவாட்டில் தள்ளித்தள்ளிப் பார்க்க வேண்டி வரும்.

தொடர்புப் பக்கத்தில் ஃபார்ம் வைக்க ஆசைப்படாதீர்கள். வெறும் எச்டிஎம்எல் பக்கம் தானாக மெயில் அனுப்பாது, அதற்குத் தனிச் சேவை வேண்டும். வாட்ஸ்அப் சுட்டி ஒன்று வைத்தால் போதும். எண்ணை 91 என்று தொடங்கி, கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் ஒட்டி எழுதுங்கள்.

வேலணைக்காற்று

பாமினி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் இன்றைக்கும் நிறைய ஆவணங்கள் பாமினியில்தான் கிடக்கின்றன, ஆகையால் இது அடிக்கடி வாற கேள்வி. பாமினி என்பது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து அப்படியே தெரியும். பாமினி எழுத்துருவை இணையத்தளத்தில் ஏற்றி ஒப்பேற்ற வேண்டாம், கூகுள் தேடலில் ஒரு சொல்லும் அகப்படாது. இணையத்தில் இலவச பாமினி யூனிகோட் மாற்றிகள் உள்ளன, அவற்றில் போட்டு எடுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும். ஆங்கிலச் சொற்கள் நடுவில் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் கெட்டிருக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறி விழும் இடங்களும் உண்டு.

எழுத்துருத் தெரிவு பற்றியும் யாரும் சொல்லவில்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை எல்லாம் இலவசம், வணிக இணையத்தளத்திலும் பாவிக்கலாம். மீரா இனிமையில் ஒரேயொரு தடிமன்தான் உண்டு. அதைத் தலைப்புக்குத் தடித்த எழுத்தாக்கினால் உலாவி தானே மைபூசித் தடிப்பாக்கும், ண, ன, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். தலைப்புக்கும் உடலுக்கும் ஒரே எழுத்துரு வேண்டுமென்றால் முக்தா மலர் எடுங்கள், அதில் ஏழு தடிமன்கள் உண்டு. ஆனால் 400, 700 என்ற இரண்டை மட்டும் இணையுங்கள். எல்லாவற்றையும் இணைத்தால் கைப்பேசியில் பக்கம் மெதுவாகும்.

ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டுகளில் வரி உயரம் 1.4 அல்லது 1.5 என்று இருக்கும். தமிழுக்கு 1.7 வையுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் 'ழு', 'ஞு' என்பவற்றின் கால் கீழ் வரியின் 'கீ', 'வீ' சுழியில் இடிக்கும். லெட்டர் ஸ்பேசிங் எங்காவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துத் தள்ளும். சாய்வெழுத்தும் வேண்டாம். இருபக்கமும் சமப்படுத்தும் ஜஸ்டிஃபையும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்லே விழும், இடையில் பெரிய பள்ளம் தெரியும். 'ஓவர்ஃப்ளோ ராப்' என்பதை 'பிரேக் வேர்ட்' என்று வைத்தால் மிக நீண்ட சொல் திரைக்கு வெளியே ஓடாது.

லோகோவைப் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் செய்வோர் பலருக்கு 'கொ', 'கை' சிதறி வருவது, தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தெரிவு செய்யாததால். இங்க்ஸ்கேப்பிலும் கிம்பிலும் யூனிகோட் தமிழ் சரியாகவே வரும், இரண்டும் இலவசம்.

தறிநாடா

எல்லோருக்கும் மிக்க நன்றி. விஎஸ் கோடிலேயே ஐந்து பக்கமும் செய்துவிட்டேன், முக்தா மலர் நன்றாக இருக்கிறது. இலவச ஹோஸ்டிங் தரும் நெட்லிஃபையில் ஏற்றினேன். லேப்டாப்பில் எல்லாப் படமும் வருகிறது, ஏற்றிய பிறகு பாதிப் படம் வரவில்லை. வருகிற படமும் மொபைல் டேட்டாவில் மெதுவாகத்தான் வருகிறது. டொமைனை இணைப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

வெற்றுப்பக்கம்

பாதி வருகிறது, பாதி வரவில்லை என்றால் பெரும்பாலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கல். ஃபைல் பெயர் பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று முடிந்து, கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாமல் திறந்துவிடும். சர்வரில் அவை இரண்டும் வேறு வேறு ஃபைல். கேமராவிலிருந்து வரும் படங்களுக்குப் பெரிய எழுத்தில் முடிவது வழக்கம், வாட்ஸ்அப் வழியாக வந்தவை சின்ன எழுத்தில் இருக்கும், அதனால்தான் பாதிப் பாதி. எல்லாப் படத்துக்கும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவில் கோடு மட்டும் போட்டுப் பெயர் மாற்றுங்கள். பிறகு கோடில் 'சி' டிரைவ் என்று தொடங்கும் பாதை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது உங்கள் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யும். ஐபோனில் எடுத்த எச்இஐசி படம் இருந்தால் குரோமில் தெரியாது, மாற்றித்தான் போட வேண்டும்.

மெதுவாக வருவது படத்தின் எடையால். மொபைலில் எடுத்த படம் 4,000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி இருக்கும். ஸ்குவூஷ் என்ற பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அகலத்தை 1,200 பிக்சல் ஆக்கி, வெப்பி வடிவில் தரம் 75 என்று வைத்துச் சேமியுங்கள். பெரும்பாலான படம் 200 கேபிக்குள் அடங்கும். ஆரி வேலையில் ஜரிகையும் மணியும் நெருக்கமாக இருக்கும் குளோசப் படங்களுக்கு மட்டும் தரத்தை 85க்கு ஏற்றிப் பாருங்கள். 75ல் நூல் ஓட்டம் குழம்பித் தெரியும், வகுப்பில் சேர வருபவர்கள் பார்ப்பதே அந்த நூல் ஓட்டத்தைத்தான். படங்கள் பக்கத்தில் கீழே இருப்பவற்றுக்கு 'லோடிங்' என்பதை 'லேஸி' என்று வைத்தால் பார்ப்பவர் பக்கத்தைக் கீழே தள்ளும்போதுதான் அவை லோட் ஆகும்.

டொமைனுக்கு, வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள்) பக்கத்தைத் திறந்து, வெறும் பெயருக்கு ஏ ரெக்கார்டு ஒன்றை 75.2.60.5 என்று போடுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ வரும் பெயருக்கு சிநேம் ரெக்கார்டு, அதன் மதிப்பு நெட்லிஃபை உங்களுக்குக் கொடுத்த முகவரி. ஏற்கெனவே அங்கே பதிவாளர் போட்டு வைத்த பார்க்கிங் ஏ ரெக்கார்டு ஒன்று இருக்கும், அதை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால் சிலருக்கு உங்கள் பக்கமும் சிலருக்கு விளம்பரப் பக்கமும் மாறி மாறி வரும். சில நிமிடத்திலும் மாறலாம், ஒரு நாளும் ஆகலாம். மாறிய பிறகுதான் எஸ்எஸ்எல் கிடைக்கும், அதற்குள் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் எதையும் கலைக்காமல் விடுங்கள்.

டொமைனை இன்னும் வாங்கவில்லை என்றால் அத்தை பெயரில், அத்தையின் மெயில் ஐடியில் வாங்குங்கள். நாளைக்குக் கடைக்காரர்களுக்குச் செய்யும்போதும் இதே முறைதான், பெயர் அவர்களுடையது, நீங்கள் வாங்குவது வேலைக்கான கூலி மட்டும். பதிவு செய்த மெயிலுக்கு வரும் சரிபார்ப்புச் சுட்டியை 15 நாளைக்குள் அழுத்தவில்லை என்றால் டாட் காம் பெயர்களை முடக்கிவிடுவார்கள், அன்றைக்கே அத்தை மொபைலில் திறந்து அழுத்திவிடுங்கள்.